டோபிக்கடையின் ஏழாவது ஆள்

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயம் என்று சட்டம் வந்தபோது எனக்கு வேலை கூடியது. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் சம்பளப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ஸ்கூடாயில் என் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, சிறு முதலாளிகளுக்கு இந்தக் காகித வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். சட்டம் ஒன்றும் கஷ்டமானதில்லை. தொழிலாளியின் சம்பளத்தில் நூறு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி அவர் பங்கு. முதலாளி தன் பையிலிருந்து இன்னொரு இரண்டு வெள்ளி போட வேண்டும். ஆள் நிரந்தரமாக ஊர் திரும்பும்போது அதை எடுத்துக்கொள்ளலாம்.

தொழிலாளியின் பெயர் தானாகவே பதிவாகிவிடும் என்று அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். இந்தத் ‘தானாகவே’ என்னைப் படாத பாடு படுத்தியது. குளுவாங்கில் ஒரு மளிகைக்கடைக்காரர், “தானா பதிவாயிரும்னா நீங்க எதுக்கு மேடம்?” என்று கேட்டார். பெயர்தான் தானாகப் பதிவாகும், மாதா மாதம் பணத்தைக் கட்டுவது நீங்கள்தான் என்றேன். “அதுவும் தானா நடக்காதா?” என்றார். நடக்காது என்று சொல்வதற்காகத்தான் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அப்படிப் போன இடங்களில் ஒன்று கூலாயில் இருந்த டோபிக்கடை. தொழிற்சாலைச் சீருடைகளை மூட்டை மூட்டையாக வாங்கி, துவைத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுக்கும் இடம். முதலாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மனிதர், கேட்ட காகிதத்தைக் கேட்ட அன்றே எடுத்து வைப்பவர். என் தொழிலில் இப்படி ஒருவரைக் கண்டால் கும்பிடத் தோன்றும்.

எங்கே போனாலும் என் முதல் கேள்வி, எத்தனை ஆள் என்பதுதான். அவர் ஆறு என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஐந்து பேர், உள்ளூர் லோரி ஓட்டுநர் ஒருவர். ஓட்டுநருக்கு ஏற்கெனவே சேமநிதி கட்டிக்கொண்டிருந்தார். மற்ற ஐவரின் கடப்பிதழ்களையும் விசாவையும் சரிபார்த்தேன். நடுவில் ஓர் அம்மாள் தேய்ப்பு இயந்திரத்தை விட்டு வந்து எனக்கு டீ கொடுத்துவிட்டுப் போனார். “நம்ம அக்கா” என்றார் முதலாளி. வணக்கம் சொன்னேன். டீ நன்றாக இருந்தது. ஆறு பேர் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது தடவை போனது, தொழிலாளர்களுக்கு விளக்கம் சொல்வதற்கு. சலவை மூட்டைகளின் மேல் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். “இந்த மாசத்துலேர்ந்து ஒங்களுக்கும் வெட்டுவாங்க” என்று ஆரம்பித்தேன். ஐந்து முகமும் வெளுத்துவிட்டது. நாங்கள் இங்கே சம்பளத்தை வெட்டுவோம். ஊரிலிருந்து வந்தவர்கள் பிடிப்பார்கள். அவர்களுக்கு வெட்டுவது என்றால் வேறு விஷயம். அவர்களில் மூத்தவர், சிவகங்கைக்காரர், மற்றவர்களிடம் திரும்பி, “சம்பளத்துல பிடிப்பாங்கன்னு சொல்றாங்கப்பா. நம்ம ஊர்ல பி.எஃப். பிடிக்கிற மாதிரி” என்று மொழிபெயர்த்தார். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் கிடைத்ததும் கூட்டம் சுறுசுறுப்பாகிவிட்டது. பணம் போய்விடாதா, ஊருக்குப் போனால் கையில் கொடுப்பார்களா, வட்டி உண்டா என்று கேட்டார்கள். சொன்னேன்.

எல்லாம் முடிந்தபோது சிவகங்கைக்காரர் தேய்ப்பு இயந்திரத்தின் பக்கம் பார்த்துவிட்டு, “மேடம், அக்காவுக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டார்.

முதலாளி சிரித்துவிட்டார். “அக்காவுக்கு ஏன் பிடிக்காது? அக்காவுக்கு எல்லாம் பிடிக்கும்லா!”

எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா இயந்திரத்தின் மூடியைத் தூக்கியபடியே நின்றார். சட்டையை உள்ளே வைக்க மறந்துவிட்டார்.

முதலாளியை வெளியே அழைத்துப் போனேன். லோரி நிற்கும் இடத்தில் நின்று, அக்கா எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

“கட தொறந்த நாள்லேர்ந்து. பதினெட்டு வருசம் ஆச்சு.”

“அப்ப ஏழு ஆளு.”

“இல்ல மேடம், அவங்க ஆளு இல்ல. வீட்டு ஆளு.”

“காலையில எத்தன மணிக்கு வருவாங்க?”

“எனக்கு முன்னாடியே வந்துருவாங்க. சாவியே அவங்ககிட்டதான்.”

“சம்பளம்?”

“அக்காவுக்குப் போயி சம்பளமா? கேட்டா குடுப்பேன். இல்லேன்னு சொன்னதே கெடையாது.”

“கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க” என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. நேற்று வந்த ஐந்து பேருக்குத் தானாகவே பதிவாகிறது, பதினெட்டு வருடம் நின்றவருக்கு ஒன்றும் இல்லையா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “ஆளுங்க லிஸ்டுல எங்கக்கா பேர எழுதச் சொல்றீங்களா? கூடப் பொறந்தவங்கள வேலக்காரின்னு எழுதிட்டு நா எப்படி மேடம் அவங்க மூஞ்சிய பாக்கறது?” என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. மரியாதைக்காகத்தான் அந்தப் பெயரை எழுதாமல் வைத்திருந்தார். கஞ்சனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சட்டத்தைக் காட்டி மிரட்டியிருப்பேன்.

அவரை மட்டும் சொல்வானேன். ஆள் எண்ணுவதுதான் என் பிழைப்பு. டீ கொடுத்த கையை ஓர் ஆளாக நானும் எண்ணவில்லை. அந்த வெட்கத்தில்தான் என் சத்தம் கூடியது என்று இப்போது தோன்றுகிறது.

பின்னால் அக்கா வந்து நின்றார். கையில் மடித்த சட்டைகள் தாடை வரைக்கும் அடுக்கியிருந்தன.

“எனக்குக் கணக்கு இருக்கு மேடம்” என்றார். பிறகு தன் சேமநிதி எண்ணை ஒரு தடவைகூடத் தடுமாறாமல் ஒப்பித்தார்.

அந்தக் கணக்கு இன்னும் இருப்பது முதலாளிக்குத் தெரியாது. அக்கா செனாயில் நான்கு வருடம் ரேடியோவுக்குப் பித்தான் பொருத்தும் வேலை செய்தவர். தம்பி கடை திறந்தபோது தம்பி மனைவி மாசமாக இருந்தார், படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் கைகொடுக்கலாம் என்று அக்கா தொழிற்சாலையை விட்டார். கல்யாணம் ஆகாதவர், தம்பி வீட்டிலேயே ஓர் அறையில் தங்கினார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. நான்கு வருடப் பணம் மட்டும் கணக்கில் தன்பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

“எனக்கு அம்பத்திமூணு ஆவுது. இப்ப மறுபடி கட்டுனா சேத்துக்குவாங்களா?”

“சேத்துக்குவாங்க அக்கா.”

“வயசான காலத்துல யாருகிட்டயும் கை நீட்டாம இருக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்.”

“எங்கிட்ட கேக்கறது கை நீட்டறதா அக்கா?” என்றார் முதலாளி.

அக்கா சட்டைகளை லோரியில் அடுக்கினார். முதலாளி அதைப் பார்த்தார். பிறகு என்னிடம், “என்னென்ன காகிதம் வேணும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஒரு வாரம் கழித்து வேலை நியமனக் கடிதத்தோடு போனேன். சம்பளத் தொகையை முதலாளியே சொல்லியிருந்தார், குறை சொல்ல முடியாத தொகை. வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் அந்த மாதம் முதல் தேதியைப் போட்டிருந்தேன். பதினெட்டு வருடத்துக்குச் சம்பளமே இல்லை. பூஜ்யத்தில் எத்தனை விழுக்காடு வெட்டினாலும் பூஜ்யம்தான். இதை அக்காவிடம் விளக்கியபோது அவர் தலையாட்டினார். எனக்குத்தான் என் விளக்கம் பிடிக்கவில்லை.

அக்கா கடிதத்தை வாங்கிக்கொண்டார். இது வரைக்கும் எந்தத் தொழிலாளியும் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை, கடைசிப் பக்கத்தைத் திருப்பி எங்கே கையெழுத்து என்றுதான் கேட்பார்கள். அக்கா நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இந்த வருச லீவு எனக்கும் உண்டா?”

“உண்டு அக்கா. புதுசா சேந்தவங்களுக்கு எட்டு நாள்.”

“கீழ வேற போட்டிருக்கே. அஞ்சு வருசத்துக்கு மேல இருந்தா பதினாறுன்னு.”

“ஆமா.”

அக்கா என் பேனாவை வாங்கினார். முதல் பக்கத்துக்குத் திரும்பி, நான் போட்டிருந்த தேதியை ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேல் கடை திறந்த நாளை எழுதினார், மாதம் வருடத்தோடு. பக்கத்தில் சிறிதாகத் தன் கையெழுத்தைப் போட்டார். தொழிற்சாலையில் இருந்தவருக்கு, அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பிறகு கடிதத்தைத் தம்பியின் முன்னால் வைத்துவிட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

முதலாளியும் அந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

“இந்தத் தேதி சேமநிதி ஆபீசுக்குப் போச்சுன்னா பழசெல்லாம் கேப்பாங்களா மேடம்?”

“கேக்கலாம். கேக்காமலும் போலாம். ஆனா நா எதையும் மறைச்சு எழுத மாட்டேன்.”

அவர் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மூன்று சட்டை தேய்த்து முடித்தார். வேண்டாம் என்று இவர் சொன்னால் அந்த அம்மாள் எட்டு நாளோடு பேசாமல் இருந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. பேசி எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பெரிய காரியம்.

“அது சரியான தேதிதான்” என்றார் கடைசியில். “அன்னிக்கு மொத சட்டைய அவங்கதான் தேச்சாங்க.” கையெழுத்தைப் போட்டார்.

அக்கா வந்து பார்த்தார். இரண்டு கையெழுத்தும் இருக்கிறதா என்று சரிபார்த்தார். தன் பிரதியை நான்காக மடித்து வைத்துக்கொண்டார்.

“தம்பி, நாளைக்கு எனக்கு லீவு வேணும்.”

“எங்க அக்கா போறீங்க?”

“எங்கயும் போகல. வீட்டுலதான் இருப்பேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார், மறுபடியும் அக்காவைப் பார்த்தார். “எடுத்துக்குங்க அக்கா. இதுக்குப் போயி எங்கிட்ட கேக்கணுமா?”

“கேக்கணும்ல” என்றார் அக்கா. “நீதானே மொதலாளி.”