சுந்தரம்மாவின் இடது காது

இடது காதுத் தோட்டைக் கழற்றி முந்தானை முடிச்சில் போட்டுக்கொள்கிறார் சுந்தரம்மா. உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காதுமடலைத் துடைக்கிறார். துணி காயப்போடும் கிளிப்பைச் சின்னதாக்கியது போன்ற ஒன்றை மடலில் மாட்டி, மடியிலிருக்கும் சவர்க்காரப் பெட்டி அளவு மெஷினின் திருகியை மெல்லத் திருப்புகிறார். ஒரு கண் சுருங்குகிறது.

"கட்டெறும்பு கடிச்சிருச்சு," என்கிறார். திருகியைச் சற்றே பின்னுக்குத் தள்ளுகிறார். "இப்ப சித்தெறும்பு. இது போதும்."

மாத்தளை நகரின் திருகோணமலை வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது டாக்டர் மாணிக்கவாசகத்தின் டிஸ்பென்சரி. அங்கே புதனும் சனியும் காதுக் கரண்டு பிடிக்க வருகிறவர்கள் 2005ஆம் ஆண்டில் இரண்டே பேர்தான். ஒருவர் சுந்தரம்மா. மற்றவன் நான். என் நோய் என்னவென்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கழுத்துப் பிடிப்பு. பகலில் அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞன். மாலையில் பத்திரிகைக்கு இரண்டு பத்தி எழுதினால் கழுத்து திரும்பாது. என் மனைவி புஷ்பவதியின் கணிப்பின்படி, அந்தப் பத்திகளைப் படிக்கிறவர்களுக்குத்தான் கழுத்து வலிக்க வேண்டும்.

சுந்தரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இப்போது மாத்தளையில் ஜவாஹிர் முதலாளியின் வாசனைச் சரக்கு ஸ்டோரில் கராம்பு துப்புரவு செய்கிறார். மாடிப்படி ஏறும்போதே கராம்பு வாசம் முன்னால் வந்துவிடும். கரண்டு ஓடும் அரை மணி நேரமும் கை சும்மா இருக்காது. பையிலிருந்து பருப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கல் பொறுக்குவார். சொந்த வீட்டுப் பருப்பில் கல் தீர்ந்துபோய், டாக்டர் வீட்டுப் பருப்பையும் கேட்டு வாங்கிப் பொறுக்கியிருக்கிறார். என் வீட்டிலிருந்தும் கொண்டுவரச் சொன்னார். நான் மறந்துபோனேன். கழுத்து வலிக்காரனுக்கு ஞாபகமும் குறைவு என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்து என்னை மன்னித்துவிட்டார்.

முதல் நாள், பேச்சுக்கு, "உங்களுக்கு எங்கே நோவு?" என்று கேட்டுவைத்தேன்.

"எங்க நோவலைன்னு கேளுங்கண்ணே. சீக்கிரமா சொல்லி முடிச்சிருவேன்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "மூக்கு நுனி நோவல."

தோள், முதுகு, இடுப்பு, முழங்கால், விரல் கணு என்று நோவு ஊர் சுற்றுகிறது. இரவு முழுக்கத் தூங்கினாலும் தூங்கிய சுகம் கிடையாது. "படுக்கிறப்ப நான் பொம்பள மாதிரிதான் படுக்கிறேன். எந்திரிக்கிறப்ப லொறி ஏறின சாக்கு மாதிரி எந்திரிக்கிறேன்," என்பார். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பக்கத்திலிருக்கிறவர் தைரியமாகச் சேர்ந்துகொள்ளலாம், நானும் சேர்ந்துகொண்டேன்.

மற்றவர்கள் இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தால் அம்மன் கோயிலில் தேங்காய் உடைப்பார்கள். சுந்தரம்மா அழுதிருக்கிறார். இரத்தத்தில் ஒன்றுமில்லை, எலும்புப் படத்தில் ஒன்றுமில்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. கையில் நல்ல ரிப்போட்டை வைத்துக்கொண்டு நோகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கணவர் பொன்னையா நம்பவில்லை. ரத்தோட்டை ஸ்டாண்டில் த்ரீவீலர் ஓட்டுகிறவர். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பாதிப்பதை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுப்பவர். நம்பமாட்டார், அவ்வளவுதான். "ரிப்போட்டு ராசா மாதிரி இருக்கு. ராணிக்கு மட்டும்தான் நோவு," என்பது அவருடைய பகிடி. சுந்தரம்மா கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால், "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே சுந்தரம்மா வீட்டில் உட்காருவதில்லை. நின்றபடியே எல்லா வேலையும் செய்வார்.

இதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. என் கழுத்தைப் புஷ்பவதி நம்பாததில் ஒரு நியாயம் இருக்கிறது. இதில் ஒரு நியாயமும் இல்லை.

டாக்டர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. சுந்தரம்மா அதைப் பிசகாமல் சொல்லப் பழகிக்கொண்டார். "பேரு நீளமா இருந்திச்சு. அதனால ஒரு கிழமை நம்புனாரு. அப்புறம், ரத்தத்துல தெரியாத நோய் என்னா நோயின்னு கேட்டாரு." காதுக்குள் ஒரு நரம்பின் கிளை வருகிறது, அதை இலேசான மின்சாரத்தால் சீண்டினால் மூளை நோவைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், எல்லாருக்கும் கேட்குமென்று சொல்ல முடியாது, பார்ப்போம் என்றார் டாக்டர். வீட்டிலும் தினமும் போடும்படி ஆளுக்கு ஒரு மெஷினை இரவலாகக் கொடுத்தார்.

ஒருநாள் அந்தியில் சுந்தரம்மா காதில் வயரோடு அடுப்படியில் நின்றிருக்கிறார். பொன்னையா உள்ளே வந்து பார்த்தார். காதைப் பார்த்தார். வயர் போகும் வழியைப் பார்த்தார். மெஷினில் மினுங்கிய சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார்.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல மொத வாளி," என்றார் சுந்தரம்மா.

மறுநாள் வயரோடேயே ஸ்டோருக்குப் போனார். ஜவாஹிர் முதலாளி பார்த்துவிட்டு, சாய்மானமுள்ள கதிரை ஒன்றைப் போடச் சொன்னார். பஸ்ஸில் இடம் கிடைத்தது. சோதனைச் சாவடியில் மட்டும் கொஞ்சம் பயம். உடம்பில் பெட்டரியும் வயருமாகத் தமிழ்ப் பெண் ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்குவது அந்த நாட்களில் விளையாட்டான காரியமில்லை. அதனால் சாவடி வருமுன் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்பதற்கு முன்பே நீட்டி, நோவுக்கு டாக்டர் கொடுத்தது என்று சிங்களத்தில் சொல்லிவிடுவார். சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியம்மா, போங்க என்றானாம்.

"வீட்டுக்காரரு நம்ப எத்தன வருசம். ஆமிக்காரன் ஒரு நிமிசத்துல நம்பிட்டான்."

அதற்குப் பிறகு இடது காதில் வயர் இல்லாத சுந்தரம்மாவை நான் பார்த்ததே குறைவு. கரண்டு ஓடாத நேரத்திலும் வயர் இருக்கும். உண்மையில் நோவு குறைகிறதா என்று கேட்டேன்.

"குறையுதுண்ணே. பொய் சொல்லக்கூடாது. பத்துல மூணு கரண்டு குறைக்குது. இன்னொரு மூணு, வயரப் பாத்தவங்க குறைக்கிறாங்க. மிச்சம் நாலு என்னோடயே கெடக்கு. பழகிப்போச்சு."

இந்த இரகசியத்தை நானும் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வயரை மாட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்தேன். புஷ்பவதி சந்தைப் பையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். மூன்று ஞாயிறு இந்த ராஜபோகம் நடந்தது. பிறகு டாக்டரைச் சந்தையில் கண்டு புஷ்பவதி ஏதோ விசாரித்திருக்கிறாள். அடுத்த புதன்கிழமை டாக்டர் என் காதிலிருந்து தன் கையாலேயே கிளிப்பைக் கழற்றி, "உமக்கு ஒன்றுமில்லை. தலையணையை மாற்றும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாற்றினேன். கழுத்து திரும்புகிறது. சந்தைக்கும் போகிறேன்.

ஆனாலும் சனிக்கிழமைகளில் டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் போய் உட்காருவதை நான் விடவில்லை. அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் டாக்டர் சுந்தரம்மாவின் மெஷினையும் திருப்பிக் கேட்டார். பல்லேபொலவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், கையைத் தூக்கித் தலை வார முடியாத நிலை. இனி மெஷின் இரண்டும் இங்கேயே இருக்கட்டும், எல்லாரும் வந்து முறை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நியாயமான பேச்சு. சுந்தரம்மா தலையாட்டினார். வயரைச் சுற்றி, மெஷினைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். வைத்தியம் நிற்கவில்லை; புதனும் சனியும் கரண்டு உண்டு. வீட்டில்தான் இனி வயர் இல்லை.

மாடிப்படியின் நடுவில் நின்றார். கீழே வீதியில் பொன்னையாவின் த்ரீவீலர் காத்திருந்தது. சுந்தரம்மா பையைத் துழாவிப் பழைய வயர் ஒன்றை எடுத்தார். ஸ்டோரில் கெட்டுப்போய்க் கிடந்த ரேடியோவின் காதுக்குமிழ். அதை இடது காதில் செருகி, மறுமுனையை இடுப்பில் சேலைக்குள் மறைத்தார்.

"வெக்கமாத்தான் இருக்குண்ணே," என்றார். "நாப்பத்தஞ்சு வயசுல நாடகம் நடிக்கிறேன். என்னா செய்ய? வாளி தூக்க ஏலாது. இன்னைக்கு எந்தப் பக்கம்னு மறுபடி கேட்டாருன்னா, அதத் தாங்கவும் ஏலாது."

நான் அவருக்குப் பின்னால் படியிறங்கினேன்.

பொன்னையா வந்து பையை வாங்கிக்கொண்டார். சுந்தரம்மா குனிந்து வண்டிக்குள் ஏறும்போது சேலை இழுபட்டது. இடுப்பிலிருந்து வயர் நழுவி வெளியே தொங்கியது. அதன் முனையில் மெஷினும் இல்லை, சிவப்பு வெளிச்சமும் இல்லை. சுந்தரம்மா அதைக் கவனிக்காமல் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பொன்னையா கவனித்தார். காதைப் பார்த்தார், தொங்கும் முனையைப் பார்த்தார், மறுபடி சுந்தரம்மாவின் முகத்தைப் பார்த்தார். நான் புடவைக்கடைப் பொம்மையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொன்னையா மெல்லக் குனிந்து அந்த முனையை எடுத்தார். ஒட்டியிருந்த தூசியைத் தன் சட்டையில் துடைத்தார். பையைச் சுந்தரம்மாவின் மடியில் வைத்து, வயர் முனையை யார் கண்ணிலும் படாமல் அதற்குள் செருகி, பையின் வாயை இழுத்து மூடினார்.