பெல்லக்கா மணியடித்து வாங்கிய திடல்

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில்தான் அவள் அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்டாள். அடுப்பில் பால் பொங்கப் போகிற நேரம். தெருமுனையில் ஒரு சைக்கிள் மணி கிணுகிணுத்தது. “பெல்லக்கா வந்தாச்சு” என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் சுவர் தாண்டி வந்தது. லேத் பட்டறையில் வேலை பார்க்கிற அவள் புருஷன், பாதி முகத்தில் சவரச் சோப்போடு ஓடிவந்து அடுப்பை அணைத்தான், புதுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்தான், பின்வாசல் வழியாக ஒரே ஓட்டம்.

பின்னால் பரந்த வெட்டவெளி. அங்கே போனால் தெருவே நிற்கிறது. கழுத்தில் டேப்போடு தையல்காரர், மாவுக்கையோடு பேக்கரிக்காரர், ஈரத்தலையோடு அவர் சம்சாரம்.

“யாருங்க அந்தப் பெல்லக்கா? ரவுடியா?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“எங்க அக்காதான். வீட்டு வரி வசூல் பண்றா,” என்றான் அவன்.

கூடப் பிறந்த தம்பியாயிற்றே என்று ஒரு தவணை விட்டுக்கொடுத்தவள் இல்லை பெல்லக்கா. புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். பிள்ளைகுட்டி கிடையாது. நகராட்சி கொடுத்த தோல்பையும் அந்தச் சைக்கிளும்தான் குடும்பம். ஆனால் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. வாசலில் நின்று கேட்டால் வசூல், பின்னால் போய்ப் பிடித்தால் துரத்தல் என்பாள். அதனால் பின்பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. ஊருக்கும் அது தெரியும்.

அந்த வெட்டவெளி முன்பு ஓட்டுச் சூளையாக இருந்த இடம். சூளை மூடிய பிறகு எல்லோர் வீட்டுத் துணியும் அங்கேதான் காய்ந்தது. தம்பி பெண்டாட்டிக்கு மகன் பிறந்து, அவன் நடை பழகியதும் அங்கேதான். இப்படி இருக்கையில், சூளைக்காரரின் பிள்ளைகள் நிலத்தை ஒரு கிடங்கு முதலாளிக்கு விற்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. நகராட்சியே வாங்கலாம், வருஷா வருஷம் புல் வெட்டி, விளக்குப் போட்டு, குப்பை அள்ளிப் பராமரிக்கலாம். அதற்கு வீட்டுக்கு வீடு கொஞ்சம் கூடுதல் வரி. பாதிக்கு மேற்பட்ட வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து கை தூக்கினால்தான் அதுவும் நடக்கும்.

கூட்டத்துக்கு ஆள் கூப்பிடும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? பெல்லக்காவிடம்! அவளுக்கு எவன் கதவைத் திறப்பான்? நகராட்சி மண்டபத்தில் நாற்காலிகளும் நகராட்சித் தலைவியம்மாவும் தம்பி குடும்பமும்தான் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு கூட்டம் போடுவோம், அதற்கும் ஆள் வராவிட்டால் இடம் கிடங்குக்குத்தான் என்று ஆணையர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் பெல்லக்கா தம்பி வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். தோளிலிருந்து பையைக்கூடக் கழற்றவில்லை.

“கதவைத் தட்டுனா உள்ள ரேடியோவ நிறுத்துறாங்கடி. மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேக்குது.”

தம்பி பெண்டாட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நீங்க முன்னாடி மணியடிச்சா அத்தனை பேரும் பின்னாடிதானே ஓடுறாங்க, அண்ணி? கூட்டத்தப் பின்னாடியே வச்சுட்டா?”

பெல்லக்கா நிமிர்ந்து பார்த்தாள். “இத்தனை நாள் எங்கடி இருந்த நீ?” என்று கேட்டுவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் தலைவியம்மா வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தாள்.

கூட்ட நாளும் வந்தது. திடலின் நடுவே மேசை, மைக், பக்கத்தில் ஆணையர். பெல்லக்கா தெருத்தெருவாகப் பறந்தாள். போன தெருவிலெல்லாம் ஒரு வாசல் விடாமல் மணி. பின்கதவுகள் படபடவென்று திறந்தன. கரண்டியோடு ஒருத்தி, ஒற்றைச் செருப்போடு ஒருத்தன். வந்தவர்கள் தலைவியம்மாவைப் பார்த்துத் திகைத்து நிற்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் முட்டினார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. “தப்பிச்சு ஓடி வந்த இடத்துலயும் வரியா?”

அப்போதுதான் பெல்லக்கா முதன்முறையாகப் பின்பக்கம் வந்தாள். கடைசித் தெருவுக்குத் திரும்பும்போதே செயின் கழன்றுவிட்டதாம், கையெல்லாம் கிரீஸ்.

“வரிதான் அண்ணாச்சி. இந்த இடமும் போச்சுன்னா, நாளைக்கு நான் மணியடிக்கும்போது எங்க ஓடுவீங்க?”

திடலே குலுங்கிச் சிரித்தது. முதலில் தம்பி கை தூக்கினான். பிறகு பேக்கரிக்காரரின் மாவுக்கை. தையல்காரர்கூட முனகிக்கொண்டே தூக்கினார். ஆணையர் எண்ணிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாதிக்குக் கொஞ்சம் குறைகிறது.

மணியடிக்காத அந்தக் கடைசித் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லையே என்று தம்பி பெண்டாட்டிக்குச் சுருக்கென்றது. மகனைப் புருஷன் கையில் திணித்தாள், வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் பாய்ந்தாள். சுவரில் சாய்ந்து கிடந்தது சைக்கிள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் செயின் இல்லை. கடைசித் தெருவுக்குத் தள்ளிக்கொண்டே ஓடினாள், மணியடித்துக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு வீட்டிலும் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு துள்ளியது. தெருக்கோடியைத் தொட்டபோது திடல் பக்கமிருந்து ஒரு பெரும் ஆரவாரம் எழுந்தது. அங்கேயே நின்று, காரணமே இல்லாமல் இன்னொரு தரம் மணியடித்தாள்.

திடலில் இப்போது விளக்கு எரிகிறது, புல் வெட்டுகிறார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதற்கான வரியையும் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பெல்லக்காதான் வசூலித்தாள். அதற்கும் ஓடினார்கள்.

பெல்லக்கா இப்போது தம்பி வீட்டில், திடலைப் பார்த்த அறையில் இருக்கிறாள்.