காசிம் நானா வெட்டித் தந்த வயலின்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கரண்ட் வந்தது, பெருமழையில் தெமோதரைப் பாதை இடிந்து பஸ் நின்றது, எனக்குக் கல்யாணம் ஆனது... எல்லாம் ஒரே வருசம். பதுளை பஜாரில் ரெக்கோடிங் பார் வைத்திருந்த காசிம் நானாவோடு நான் ஒட்டிக்கொண்டதும் அதே வருசந்தான்.

முஸ்லிம் அண்ணன் என்பதால் நானா என்று கூப்பிட்ட அந்த மனுசன் இன்று காலையில் மவுத்தாகிவிட்டார். சாவுச் சேதி இப்போதுதான் போனில் வந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.

ரெக்கோடிங் பார் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வெறும் கேசட்டைக் கொடுத்து, பாட்டின் பேரைச் சொன்னால் அதில் அடித்துத் தருவார்கள்.

ஆனால் எங்களுக்குப் பேர் எங்கே தெரியும்? கோயில் ஸ்பீக்கர் கீழே பாடும், நாங்கள் மேலே மலையில் நிற்போம். வார்த்தையைக் காற்று கொண்டுபோய்விடும். குழலும் வயலினும்தான் மலையேறி எங்களிடம் வரும்.

அதனால் நானா கடையில் போய் மியூசிக்கை வாயால் ஊதிக் காட்டுவோம்.

“நானா, கொழல் ஒன்னு தனியா வந்து, பின்னாலயே தபேலா உருண்டு வருமே...”

“கொழல் ஏறிட்டு அப்பிடியே நிக்குமா, எறங்குமா? அத சொல்லுங்க மொதல்ல.”

“எறங்கும். நடுவுல ஒரு மணி கிணுங்கும்.”

“அப்ப இதுதான்!” என்று ஒன்றைப் போடுவார். அதேதான்! கடையே கை தட்டும்.

சில நாள் சண்டையே வரும். கிட்டாரா, மாண்டலினா என்று. பக்கத்துக் கடைக்குக் கருவாடு வாங்க வந்த ஒரு ஆள் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிட்டு, கருவாட்டை மறந்து வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியும்.

பூனாகலைக்குப் பெண் பார்க்கப் போனேன். பிளேன்டீ கொண்டுவந்த பார்வதி குனிந்த தலை நிமிராமலே மெதுவாகச் சொன்னாள்.

“ஒரு வயலின் வருமே... அழுது அழுது ஏறி, உச்சிக்குப் போயி சிரிக்குமே. தாலி கட்டுறப்ப அது வேணுங்க.”

“என்ன பாட்டு அது?”

“பாட்டு யாருக்குத் தெரியும்? வயலின்தான் தெரியும். அது கேக்காட்டி நான் தலையே நிமிர மாட்டேன்.” சொல்லிவிட்டு வாய்க்குள்ளேயே பாடிக் காட்டினாள்.

மறுநாள் அதை முனகிக்கொண்டே பதுளை பஸ் ஏறினேன். கண்டக்டர் எங்கே போகிறாய் என்று கேட்டான். வாயைத் திறந்தால் டியூன் ஓடிவிடுமே... கையாலேயே காட்டினேன். ஊமை என்று நினைத்து எனக்கு சீட் பிடித்துக் கொடுத்தான்!

நான் முனகியதைக் கேட்டதும் நானா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

“ஓய்! இது புள்ளயப் பறிகுடுத்த உம்மா பாடுற பாட்டு. கல்யாணத்துல போட்டா மாமியா வெளக்குமாத்தால அடிப்பா!”

போட்டுக் காட்டினார். அன்றுதான் வார்த்தையைக் கேட்கிறேன். அத்தனையும் ஒப்பாரி.

“பாட்டு வேணாம் நானா. வயலின மட்டும் குடுங்க.”

சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு. “அப்ப ஒக்காருங்க மாப்புள!”

ஒரு மிசினில் பாட்டு ஓடும், இன்னொன்றில் பதியும். வயலின் முடிந்து பாடுகிற அம்மா வாயைத் திறக்குமுன் பட்டனை அமுக்க வேண்டும். திரும்பவும் பின்னுக்கு ஓட்டி, வயலினை மட்டும், திரும்பவும்...

“மூச்செடுக்குறா நானா, மூச்செடுக்குறா... அமுக்குங்க!”

“கத்தாதீங்க ஓய், பட்டன் தவறிரும்!”

ஒரு தடவை “ஆ...” என்று விழுந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி. வந்த டீ ஆறிப்போனது. கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க வயலின், வயலின், வயலின்!

கல்யாணத்தன்று நானாவே வந்து மிசின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தாலியைக் கையில் எடுத்தேன். மேளத்தை அமர்த்திவிட்டு பட்டனைத் தட்டினார். வயலின் ஏறியது...

பார்வதி நிமிர்ந்தாள்!

அதே நேரம் பார்வதியின் அத்தை மாரியாயி கத்தினாள். “அய்யய்யோ, நிறுத்துங்க! இது எழவுப் பாட்டாச்சே!”

என் கை தாலியோடு அந்தரத்தில். இந்தக் கல்யாணம் போச்சு என்று நினைத்துவிட்டேன்.

நானா அசையவில்லை. “எங்கம்மா எழவு? ஒரு வார்த்த காட்டுங்க பாப்பம்!”

அத்தை காதில் கை வைத்து நின்றாள். “இரு, இப்ப பாடுவா பாரு.” வயலின் முடிந்தது... திரும்ப வயலின்! “இப்ப வரும்... இந்தா வருது...” மறுபடி வயலின்!

காத்திருந்து காத்திருந்து அவள் தலை தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அவளே சொன்னாள். “என்ன மாப்ள முழிக்கிற? கட்டு!”

கட்டினேன்!

அதற்கப்புறம் எத்தனை பேர் போய் “பூனாகலைப் பொண்ணு வயலின்” என்று கேட்டு வாங்கினார்கள் தெரியுமா? ரெக்கோடிங் பார் போய் அந்த இடத்தில் போன் கடை வந்த பிறகும், பஜாரில் என்னைக் கண்டால் நானா சுகம் விசாரிக்க மாட்டார். தூரத்திலிருந்தே அந்த வயலினை வாயால் எடுப்பார். நான் முடித்துக் கொடுக்க வேண்டும். நடுரோட்டில்!

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் நானா.

அந்தக் கேசட்டுகள் போனதும் ஊருக்கெல்லாம் அது திரும்பவும் சாவுப் பாட்டாகிவிட்டது. அதை முதன்முதலில் கல்யாணப் பாட்டாகக் கேட்டு எங்கள் மணவறையைச் சுற்றி நின்றவர்களில் மாரியாயி அத்தை போய்விட்டாள். மேளக்காரர்கள் போய்விட்டார்கள். பட்டனைத் தட்டிய நீங்களும் போய்விட்டீர்கள்.

என்னை விட்டால் மிச்சம் இருப்பது... பார்வதி.