இல்லினாய்ஸில் ஒரு ராத்திரி

மார்லிஸும் அவள் கணவன் டுவேனும் ஊர் சுற்றிய கேரவன், கட்டிலும் அடுப்புமாக ஒரு வீட்டு வண்டி; அதன் கதவுக்குப் பக்கத்தில் வெளிப்புறமாக ஒரு வரைபடம் இருந்தது. வெறும் கோடுகளாக அமெரிக்க மாநிலங்கள். எந்த மாநிலத்தில் ராத்திரி தங்குகிறார்களோ, அதன் வடிவத்தில் ஒரு வண்ணத் துண்டை அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். கேரவன்காரர்கள் பலர் செய்கிற காரியம்தான். ஆனால் டுவேன் அதற்கு ஒரு சட்டமே வைத்திருந்தான். ரெண்டு பேரும் கட்டிலில் படுத்து, விடிந்து எழுந்து, அங்கேயே காபி குடிக்க வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் ஒட்டக் கூடாது.

டெலவேர் மாநிலத்தைக் கடந்தபோது மார்லிஸ் முன் சீட்டிலேயே தூங்கிப்போனாள். வண்டி நின்றதும் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீ தூங்கின, நான் ஓட்டினேன். எப்படிச் சேரும்?" என்று டுவேன் தடுத்துவிட்டான். மறுநாள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்தார்கள். வழியெல்லாம் அவள் அவனோடு பேசவில்லை. அதற்கப்புறம் எந்தச் சண்டை வந்தாலும் டெலவேரும் கூடவே வரும்.

அவன் சோள லாரி ஓட்டியே வயதானவன். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டே வயதானவள். வேலையை விட்ட பிறகு கிடைத்த வருஷங்களில் வரைபடம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. மிஞ்சியது இல்லினாய்ஸ் மட்டும். அது அயோவா மாநிலத்தில் இருந்த அவர்களுடைய ஊருக்கு நேர் எதிரே, மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தது. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். எத்தனையோ தடவை அதன் வழியாகப் போயிருக்கிறார்கள், தங்கியதில்லை. கேட்டால், அது எங்கே ஓடிப் போகிறது என்பான் டுவேன்.

இலையுதிர்காலத்தில் அவனுடைய இதயம் ஓய ஆரம்பித்தது. காலில் நீர் கோத்தது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் ஏறியது. இனி வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும், இல்லினாய்ஸ் போகலாம் என்றான். மார்லிஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

எதிர்க்கரையில் ஒரு பாரம்பரியப் பூங்கா உண்டு. பழைய படகுத்துறையையும், ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பித்தான் வெட்டிய கொட்டகையையும் அங்கே காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஓரத்தில் கேரவன் நிறுத்த இடம் இருந்தது. பனிக்காலத்துக்கு மூட இன்னும் சில நாள்தான்.

பாலத்தின் மேல் அவள் வண்டியை ஊரவிட்டுத்தான் ஓட்டினாள். பின்னால் எடுத்து நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. எப்போதும் அவன் ஓட்டுவான், அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். இன்றைக்கு அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கை காட்டினான்.

மார்லிஸ் தலையை வெளியே நீட்டினாள். "கை காட்டுறியா, கொசு ஓட்டுறியா?"

இத்தனை வருஷமும் அவன் அவளிடம் கேட்ட கேள்வி அது. டுவேன் மூச்சு வாங்கும்வரை சிரித்தான்.

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் கிளென் என்ற கிழவர் வந்து மின்சாரத்தை மாட்டிக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆற்றுக்கு அப்பால் தெரிந்த தங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான் டுவேன்.

"அடேயப்பா, ரொம்பத் தூரம்தான். களைச்சுப் போயிருப்பீங்க" என்றார் கிளென்.

தரையெல்லாம் பித்தான் வெட்டி எறிந்த சிப்பிகள், வட்ட வட்டமாக ஓட்டையோடு. டுவேன் ஒன்றை எடுத்து, ஓட்டை வழியாகத் தங்கள் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே நாற்காலியில் அசந்து தூங்கினான். எழுந்ததும் காபிக் கெண்டியில் தண்ணீர் ஊற்றித் தூளும் போட்டு அடுப்பின் மேல் வைத்தான். காலையில் பற்ற வைத்தால் போதும். இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் கவிழ்த்தான். வண்ணத் துண்டை எடுத்து அவற்றின் மேல் சாய்த்து வைத்தான்.

பொழுது அயோவாப் பக்கம் இறங்கும்போது அவனுக்கு மூச்சு இழுத்தது. மார்லிஸ் தக்காளி சூப்பை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் போனை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"காலைல கூப்பிடு. ஒரு ராத்திரிதானே, மார்லிஸ்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிடித்த கையில் பிடியே இல்லை. விரல்களை விலக்கிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரி அயோவாவில்தான் இருந்தது. வந்த பாலத்தின் வழியாகவே அவனைத் திரும்பக் கொண்டுபோனார்கள். விடியும் முன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வண்டியை எடுக்க மார்லிஸ் வந்தாள். கூப்பிடாமல் இருந்திருந்தால் அவனுக்கு இங்கேயே விடிந்திருக்குமா என்ற கேள்வியை அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் கெண்டியும் கோப்பைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. வண்ணத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வரைபடத்தின் முன்னால் நின்றாள்.

கிளென் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வரைபடத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நாற்காலியில நல்லாத் தூங்கினாரே, நானே பாத்தேன். ஒட்டிடுங்கம்மா. யார் கேக்கப் போறா?"

"டெலவேர்ல நான் உக்காந்து தூங்கினத அவன் சேத்துக்கல" என்றாள் மார்லிஸ். "இத நான் சேத்துக்கிட்டா சிரிப்பான்."

துண்டை மேல் அலமாரியில், டுவேன் எடுத்து வைத்திருந்த சிப்பியோடு வைத்தாள். கெண்டியை எடுத்துப் புல்லில் கவிழ்த்தாள். ஊறிப்போன தூள் கொஞ்சம் அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே வைத்தாள். நாற்காலியை மடக்கினாள்.

கை காட்டட்டுமா என்று கிளென் கேட்டார். நேராக வெளியே போவதற்குக் கை எதற்கு? இருந்தும் அவள் கிளம்பும் முன் பின்புறக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பாலத்தின் நடுவில் அயோவா என்ற பலகை வந்தது. வரைபடத்தில் அவர்கள் முதலில் ஒட்டியது அயோவாதான். வண்டி வாங்கிய அன்றைக்கு, எங்கேயும் போகாமல், தங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி உள்ளே படுத்தார்கள். காலையில் எழுந்து காபி குடித்தார்கள். சட்டப்படி, ரெண்டு பேரும்.