உரக்கப் படிக்கும் வேலை

டெண்டர் சட்டம் வந்த புதிது. பெட்டியைத் திறந்ததும் யார் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும் என்று எங்கள் கள்ளக்குறிச்சி அரசு அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. ஒளிவுமறைவு கூடாதாம். எனக்குத் தொண்டை பெரிது என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

கல்வராயன் மலை மாணவர் விடுதிகளுக்கு அரிசி, பருப்பு கொடுக்கிற டெண்டர். வருஷா வருஷம் ஒரே லாரிக்காரர்தான் எடுப்பார். பேருக்குக் கூட விலை போடுகிறவர்களும் அவருடைய ஆட்களே. அந்த வருஷம் புதிதாக ஓர் உறை இருந்தது. நான் மளிகை வாங்கும் கடைக்கார பாயுடையது. கடைப் பெயர், தெரு, விலை எல்லாம் படித்தேன். அதுதான் இருப்பதிலேயே குறைந்த விலை. குறைந்த விலைக்காரருக்கே கொடுக்க வேண்டும், அது சட்டம். சந்தோஷத்தில் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. லாரிக்காரர் எழுந்து போய் பாயின் தோளில் கை போட்டார்.

"இன்னா பாய், கரியாலூர் மலை ரோடு தெரியும்ல? வளைவு ஜாஸ்தி. பாத்துப் போங்க."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார்.

மறுநாளிலிருந்து கடைக்கு எதிரே ஒரு வேன் நின்றது. யாரும் இறங்கவில்லை, எதுவும் வாங்கவில்லை. எனக்குப் பருப்பு நிறுக்கும்போது பாய் தராசைப் பார்க்காமல் வேனையே பார்த்தார். போலீசில் சொல்லுங்கள் என்றேன்.

"இன்னான்னு சொல்றதுங்க? வண்டி நிக்குதுன்னா?"

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாளில் பாய் வரவில்லை. அவர் மனைவி வந்தார். டெண்டரிலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம் கொண்டுவந்திருந்தார். கட்டிய டெபாசிட் திரும்பி வராது என்று சொன்னேன்.

"போவட்டுங்க. பொண்ணு பள்ளிக்கூடம் வுடற நேரத்துக்கு அந்த வேனு அங்கயும் வந்து நின்னுக்கினு இருக்குது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கிப் படிச்ச மாதிரியே இதயும் சத்தமாப் படிங்கக்கா. அவங்க காதுல வுழணும்."

விலகல் கடிதத்தைப் படிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. வராந்தாவில் லாரிக்காரரின் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று படித்தேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

ஒருவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"சரியாக் கேக்கல மேடம். இன்னொரு வாட்டி படிங்க."

பாயின் மனைவி என்னைப் பார்த்து, படியுங்கள் என்பதுபோல் தலையாட்டினார். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.