மூன்று கடிகாரம் கட்டிய கை

டவுன் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைப்பது என் வேலை. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளை அங்கேதான் பத்தாம் தரம் படிக்கிறாள். பள்ளி விட்டதும் இருவரும் சேர்ந்து தேயிலை மலையேறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவோம்.

ஒருநாள் மழையில் நனைந்த சுவெட்டர் கையை அவள் சுருட்டினாள். உள்ளே மூன்று கடிகாரங்கள். தொட்டால் வெளிச்சம் வருகிற வகை.

"யாருதுடி இதெல்லாம்?"

"வேன்ல வர்ற பிள்ளைகளோடது பெரியம்மா. எத்தன அடி நடந்தோம்னு இது எண்ணும். யாரு அதிகமா நடந்தான்னு போன்ல போட்டுப் பாத்துக்குவாங்க. அவங்க எங்க நடக்குறாங்க? நான் கட்டிக்கிட்டு நடந்து காலையில குடுத்துருவேன்."

"ஒனக்கு என்ன கெடைக்கும்?"

"இன்டர்வெல்லுக்குப் பக்கத்துல ஒக்கார வப்பாங்க."

முன்பு தோட்டத்தில் நான் பறித்த கொழுந்தை என் பேரில்தான் எடை போட்டார்கள். இவள் ஏறுகிற மலை யார் யார் பேரிலோ விழுகிறது.

அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில், வகுப்பிலேயே அதிகம் நடந்தவள் என்று ஒரு வேன் பிள்ளைக்குப் பரிசு கொடுத்தார்கள். "எல்லாரும் இவவப் பாத்துப் பழகோணும்" என்றார் யாழ்ப்பாணத்து சார். எங்கள் பிள்ளை பலமாகக் கை தட்டினாள்.

சார் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்கிறவள் நான். அன்று பின்னேரம் வேனடியில் ஒருத்தி தன் கடிகாரத்தைக் கழற்றி இவள் கையில் கட்டிக்கொண்டே, "இன்னைக்குச் சுத்துப் பாதையில போடி, எனக்கு அடி எண்ணிக்கை காணாது" என்றாள்.

"நடக்கணும்னா நீங்க எறங்கி நடங்க பாப்பா" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

"ஆயாவுக்குக் கோவம் வருதுடி" என்று சிரித்தபடி கடிகாரத்தை அவிழ்த்துக்கொண்டு ஏறிப்போனார்கள்.

வழியெல்லாம் அவள் எனக்கு முன்னாலேயே நடந்தாள். லயத்துக்குக் கிட்ட வந்ததும் கேட்டாள்: "நாளைக்கு நான் யாரோட ஒக்காருவேன்? நீங்களா வருவீங்க?"

மறுநாள் இடைவேளையில் அவள் குழாயடியில் தனியாக ரொட்டி தின்றாள். வாளியை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்துகொண்டாள், எழுந்து போகவில்லை. அவள் பார்வை வராந்தாவில் இருந்தது. அங்கே அந்தப் பிள்ளைகள் நின்ற இடத்தை விட்டு நகராமல், கடிகாரம் எண்ணட்டும் என்று கையை மட்டும் வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.