அக்கா நட்ட சிவப்புத்துணிக் குச்சிகள்

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத வேண்டியவன் நான்தான் என்று உறவினர் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். அவர் வளர்த்த தம்பி நான் என்பது உண்மை. ஆனால் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து ஒரே குழப்பம். தெரியும் என்று நினைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிழையாகிப்போகின்றன. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஆலங்குடாவில், கடற்றொழில் செய்த குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா கண்ணை மூடியபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு மூன்று. பள்ளிக்கூடத்தை விட்டார், கருவாடு காயப்போட்டு என்னை ஆளாக்கினார். பிறகு வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் சமையலுக்குப் போனார். அவருக்கு வந்த கலியாணப் பேச்சுகள் என்னால்தான் தட்டிப்போயின என்று சிலர் சொல்வார்கள். அவரைக் கேட்டால், "போடா, எனக்கு மாப்பிள்ளையப் பிடிக்கல்ல" என்பார். எது சரி என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை வீட்டில் அவரும் நானும்தான்.

விடுதிக்கு வந்த ஒரு பெண் ஊருக்குப் போகும்போது கொடுத்த தூரக்கண்ணாடி எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அதோடு ஞாயிற்றுப் பூசைக்குப் போய்ச் சுவாமியாரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். வாடைக் காலத்தில் குளிர் நாடுகளிலிருந்து உப்புநீர்க் களப்பில் வந்திறங்கும் பறவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுப்பில் சோறு கருகுவதுகூடத் தெரியாது. காலில் தங்கூசி மீன்நூல் சுற்றி நொண்டும் கடற்காகத்தைத் துவாயால் மூடிப் பிடித்து, மீன் வெட்டும் கத்தரிக்கோலால் நூலை அறுத்து விடுவார். கோடையில் உடைந்த படகுத் துண்டொன்றில் தண்ணீர் ஊற்றி வேலியோரம் வைப்பார்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று கிளம்பினால் எங்கள் கடலில் தொழில் இல்லை. ஆண்கள் எல்லோரும் படகுகளோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போய், ஓலைக் கொட்டில்களால் வாடி போட்டு அங்கேயே தங்கிவிடுவோம். ஐந்து மாதம் கழித்துத் திரும்பும்போது, எங்கள் வீட்டிலிருந்து கோயில் வரை கடற்கரை நெடுக, சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் இரண்டு வரிசையாக நிற்கும். நடுவில் வெறும் மணல். குனிந்து தேடினாலும் ஒன்றும் இருக்காது.

"யாருக்கு அக்கா வேலி போடுறீங்க, மணலுக்கா?" என்பேன்.

"ஓம், மணலுக்குத்தான்" என்று சிரிப்பார்.

நான் அதை வாடியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அக்காவுக்கு மூளை கொஞ்சம் குழம்பிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

போன வருடம் சோளகத்தில் வாடிக்குச் செய்தி வந்தது. ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில் அக்கா காய்ச்சலில் கிடந்தார். என் கையைப் பிடித்து, "வீட்ட போகக்குள்ள குச்சிக்குள்ளால போ தம்பி. வெளிய கால் வைக்காத" என்றார். "ஓம் அக்கா" என்றேன். பிதற்றுகிறார் என்று நினைத்து, காதில் போட்டுக்கொள்ளாமல் சொன்ன ஓம். மறுநாள் ஆண்டவரிடம் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் காலை, துக்க வீட்டில் இருக்க முடியாமல் கடற்கரைக்குப் போனேன். குச்சிகள் நின்றன. அவற்றுக்கு நடுவே நடப்பது அக்காவின் பாயில் செருப்போடு ஏறுவது போலப் பட்டது. மரியாதைக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கி நடந்தேன். உடனே ஆலா என்கிற கடற்பறவைகள் கூட்டமாக எழும்பி, என் தலைக்கு மேல் கத்திக் கத்திப் பாய்ந்தன. அக்காவைத் தேடி அழுகின்றன என்று நினைத்தேன். நானும் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே இன்னும் நடந்தேன்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இப்போது எங்கள் கரையில் மீன் வாங்கும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"அல்லாவே! தம்பி, அசையாதீங்க! முட்டையில நிக்கிறீங்க!"

குனிந்தேன். கூடு என்று ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவு குழி. மணல் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகள். என் குதிகாலில் மஞ்சள் கரு. பின்னால், என் காலடித் தடத்தில், நசுங்கியது இன்னொன்று.

"குச்சி குருவிக்கில்ல தம்பி, மனிசருக்கு. முட்டையில்லாத இடம் பார்த்து அக்கா போட்ட பாதை அது. இங்க உள்ள பொம்பிளையள் எல்லாம் அதுக்குள்ளாலதான் நடக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆலா முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் எங்கள் ஊர் ஆண்கள் ஊரில் இல்லை. திரும்பும்போது குச்சிதான் மிச்சம். அது சரி. ஆனால் அக்கா ஏன் எனக்கு விளங்கச் சொல்லவில்லை? சொல்லியும், என் கிண்டலில் எனக்கே கேட்காமல் போனதா? யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

நான் வாடிக்குத் திரும்பவில்லை. தூரக்கண்ணாடியோடு கரையிலேயே இருந்தேன். குஞ்சுகள் மணலில் ஓடின. ஒரு சோடி ஆலா மட்டும் வெறும் குழிக்குச் சில நாட்கள் வந்து வந்து போனது. நான் மிதித்த முட்டையின் சொந்தக்காரரா என்று தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் வழி தெரியவில்லை.

இந்த வருடம் குச்சிகளை நான் நட்டிருக்கிறேன். மூன்று தரம் பிடுங்கி மாற்றிவிட்டேன். சரியான இடம் என்று நினைத்த பாதையின் நடுவிலேயே ஒரு முட்டை கிடந்தது. நானா சிரிக்கிறார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், சுவாமியாருக்கும், தொழிலை விட்டுவிட்டு என்னோடு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த வாடித் தோழர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்த அயல் வீட்டுப் பெண்களுக்கும், நானாவுக்கும் என் நன்றி. ஓராண்டுப் பூசை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வருவோர், தயவுசெய்து குச்சிகளுக்கு உள்ளால் வாருங்கள். நான் பிழையாகவும் நட்டிருக்கலாம். தலைக்கு மேல் பறவைகள் கத்தினால், அக்காவுக்காக அழுகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். அசையாமல் நின்று, காலடியைப் பாருங்கள்.

அக்கா வளர்த்த தம்பி